விரையாத வானூர்திகள்

பயணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் சென்று கண்ட இடங்களின் சிறப்பையே விரித்துரைப்பர். புறப்படுமுன் செய்த ஆயத்தங்களை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். நாங்கள் இங்கு அம்முறையைச் சற்றே மாற்றிக்கொள்ள விரும்புகிறோம். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தென் ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தின்மேல் மூன்று சிறு வானூர்திகளில் எண்மர் சென்றுவந்தோம். அப்பயணத்தில் நாங்கள் கற்றவற்றுள் பெரும்பகுதி வானத்தில் கற்றதன்று. அடிலெய்டு நகரில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து திட்டமிட்டபோது கற்றது. நாங்கள் பயின்ற கல்லூரியின் தமிழ்த்துறை மலர் எங்களிடம் கட்டுரை கேட்டபோது, அந்த மேசையே முதலில் நினைவுக்கு வந்தது.

பறக்கும் மகிழுந்து

நம் நாட்டில் வானூர்தி என்றால் நூற்றுக்கணக்கானோர் ஏறிச் செல்லும் பெரிய விமானத்தையே எண்ணுகிறோம். ஆஸ்திரேலியா போன்ற பரந்த நாடுகளில் மற்றொரு வகையும் வழக்கில் உண்டு. ஒற்றை எஞ்சினும் நான்கு இருக்கைகளும் உடைய சிறு விமானங்களைப் பறத்தற் கழகங்களில் வாடகைக்கு எடுக்கலாம். தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர் அதனைத் தாமே ஓட்டிச் செல்லலாம். ஊதியம் பெறுவதற்கு இடமில்லை. உடன் வருவோருடன் செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

இவ்வகையுள் புகழ்பெற்றது செஸ்னா 172. 1956 முதல் விற்பனைக்கு வந்த இவ்விமானம் 44,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டுள்ளது. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். விரைவு வேண்டுவோர்க்கு உரியதன்று இது. நின்று, பார்த்து, மீண்டும் எழுந்து செல்ல விரும்புவோர்க்கே உரியது.

எங்கள் குழுவில் விமானிகள் மூவர். ஒருவர் பொறியாளர், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். மற்றொருவர் மருத்துவர். மூன்றாமவர் உரிமம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இளம்பெண். மருத்துவருடன் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனும், தமிழகத்திலிருந்து வந்திருந்த அவருடைய தந்தையாரும் சேர்ந்துகொண்டனர். இளம்பெண்ணுடன் அவருடைய தாயார். பொறியாளரின் விமானத்தில் நாங்கள் கணவனும் மனைவியும். எங்கள் இருவருக்கும் விமானம் ஓட்டத் தெரியாது. ஆகவே கணக்கு எழுதுவதும், தங்குமிடங்களுக்குத் தொலைபேசியில் பேசுவதும், முடிவுகளைக் குறித்து வைப்பதும் எங்கள் பொறுப்பாயின.

இப்பயணம் யாருக்காகத் தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவரின் தந்தையார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்; வயது எழுபத்தாறு. கண்டத்தின் நடுவே எப்போதாவது மட்டும் நீர் நிறையும் ஓர் ஏரியைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக வகுப்பறையில் படம் வரைந்து காட்டியவர். அந்த ஏரியில் அவ்வாண்டு நீர் வந்திருந்தது. அவர் ஊர் திரும்புவதற்கான பயணச்சீட்டின் தேதியோ உறுதியாகியிருந்தது. இனி ஒருமுறை இவ்வளவு தொலைவு வரும் உடல்நிலை அவருக்கு வாய்க்குமா என்பது ஐயமே. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாரும் அறிந்திருந்தோம்.

கடல்மட்டத்திற்குக் கீழே ஓர் ஏரி

அவ்வேரியின் பெயர் ஐர் ஏரி. அப்பகுதியின் தொல்குடிகளான அரபணா மக்கள் வழங்கும் பெயரையும் சேர்த்து, 2012 முதல் 'கட்டி தந்தா – ஐர் ஏரி' என்பதே அதிகாரமுறைப் பெயர். பரப்பு ஏறத்தாழ 9,500 சதுர கிலோமீட்டர். அதன் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்திற்கு 15 மீட்டர் கீழே கிடக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அது வெறும் உப்புத்தரை. 1964இல் டொனால்டு கேம்பெல் மணிக்கு 403 மைல் வேகத்தில் கார் ஓட்டித் தரைவேகச் சாதனை படைத்தது இவ்வுப்புத் தரையில்தான். ஆயினும் குயின்ஸ்லாந்தின் மேற்கே பெருமழை பெய்யும் ஆண்டுகளில், கூப்பர், டயமண்டினா முதலிய ஆறுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு வாரக்கணக்கில் ஊர்ந்து அந்த நீரை இங்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பதிவான வெள்ளங்களுள் பெரியது 1974இல் வந்தது. 2025 மார்ச் இறுதியில் பெய்த மழையும் ஏரிக்குப் பெருமளவு நீரைக் கொணர்ந்தது.

ஏரிப்படுகை அரபணா மக்களுக்குப் புனிதமானது. அதில் இறங்கி நடப்பதையும் படகு விடுவதையும் அவர்கள் விரும்புவதில்லை. கரையில் நிற்பவருக்கோ தட்டையான அந்நிலத்தில் நீர் ஒரு கோடாகவே தெரியும். எனவே ஏரியின் விரிவை உள்ளபடி காண வானமே தக்க வழி.

வழித்தடத்தை இவ்வாறு வகுத்தோம். அடிலெய்டின் பாராஃபீல்டு நிலையத்திலிருந்து வடக்கே 330 கிலோமீட்டர் தொலைவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் அருகிலுள்ள ஹாக்கர். அடுத்த நாள் அங்கிருந்து 250 கிலோமீட்டரில் மரீ. மூன்றாம் நாள் ஏரியைச் சுற்றிக்கொண்டு வில்லியம் கிரீக். பின்னர் 155 கிலோமீட்டர் மேற்கே, வெப்பத்திற்கு அஞ்சி மக்கள் நிலத்தைக் குடைந்து வீடு அமைத்து வாழும் கூபர் பீடி. அங்கே ஒரு நாள் தங்கல். ஆறாம் நாள் போர்ட் அகஸ்டா. ஏழாம் நாள் வீடு. எந்த நாளிலும் இரண்டரை மணி நேரத்திற்குமேல் பறப்பதில்லை என்று முடிவு செய்தோம். காலையில் காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தரையின் சூட்டால் காற்று மேலெழுந்து சிறு விமானத்தைக் குலுக்கும். நண்பகலுக்குள் இறங்கிவிட்டால் பெரியவருக்கும் நலம், ஊரைச் சுற்றிப் பார்க்கவும் பொழுது கிடைக்கும்.

நிறைக் கணக்கு

சிறு விமானத்திற்கு முதற் பகை எடை. எங்கள் செஸ்னா மேலெழும்போது இருக்கத்தக்க உச்ச நிறை 1,157 கிலோ. வெறும் விமானமே ஏறத்தாழ 760 கிலோ. எஞ்சுவது 397. இரு தொட்டிகளிலும் எரிபொருள் நிரப்பினால் பயன்படத்தக்க அளவு 200 லிட்டர். அதன் நிறை 144 கிலோ. மீதி 253 கிலோவுக்குள் மனிதர், பைகள், குடிநீர், அவசரக் கருவிகள் அனைத்தும் அடங்க வேண்டும். இருக்கை நான்கு இருந்தும் மூவரே ஏறியதன் காரணம் இதுதான்.

ஆகவே ஒரு மாலைப்பொழுதில் எண்மரும் காலணியோடும் பையோடும் எடை இயந்திரத்தில் ஏறி நின்றோம். எடையைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. இயந்திரத்திற்கு அந்த நாகரிகம் தெரியாது. மருத்துவர் 82, பெரியவர் 61, பேரன் 74, ஆக 217. ஆளுக்கு 7 கிலோ பை 21. குடிநீரும் கருவிகளும் 10. மொத்தம் 248 கிலோ. ஐந்து கிலோ மிச்சம். மற்றொரு விமானத்தில் இளம்பெண்ணின் தாயார் கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல் மேசைமேல் நெடுநேரம் விவாதிக்கப்பட்டு, இறுதியில் வீட்டிலேயே தங்கியது.

நகைப்புக்கிடையே ஓர் உண்மை எங்களுக்குப் புலனாயிற்று. தரையில் நாம் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொள்ளும் சிறு செய்திகளும் வானத்தில் எல்லாருக்கும் உரிய செய்திகளாகிவிடுகின்றன. ஒருவர் பையில் ஒளித்து வைக்கும் நான்கு கிலோவை அருகில் இருப்பவரும் சேர்ந்தே சுமக்கிறார்.

எரிபொருளும் பகலொளியும்

அடுத்தது எரிபொருள். மணிக்கு 35 லிட்டர் செலவாகும் என்றால், 200 லிட்டரில் ஐந்தரை மணி நேரம் பறக்கலாம். பகலில் கண்பார்வையால் வழி அறிந்து பறப்போர் இறங்கும்போது அரைமணி நேரத்திற்குரிய எரிபொருளேனும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எங்களுக்கென்று அதனை ஒருமணி நேரமாக்கிக்கொண்டோம். பாலைநிலத்துச் சிற்றூர்களில் விமானப் பெட்ரோல் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. ஒவ்வோர் ஊருக்கும் முன்னதாகவே பேசி, 'இருக்கிறது' என்ற சொல்லை வாங்கிய பின்னரே அவ்வூரைத் திட்டத்தில் சேர்த்தோம்.

பகலொளிக்கும் கணக்கு உண்டு. இருள் கவிவதற்குக் குறைந்தது பத்து நிமிடம் முன்பே தரையிறங்கிவிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஐர் ஏரியின் கரையிலேயே 2011 ஆகஸ்ட் 18 அன்று இரவில் கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து, அதிலிருந்த மூவரும் மாண்டனர். விளக்கொளி ஏதுமற்ற நிலத்தின்மேல், இருட்டில் மேலெது கீழெது என்ற உணர்வு விமானிக்குத் தவறிப்போவது உண்டு. எனவே மாலை நான்கு மணிக்குமேல் எந்த விமானமும் வானில் இராது என்று எழுதி வைத்தோம்.

அந்நாட்டில் வழங்கும் மற்றொரு நல்ல முறையையும் சொல்ல வேண்டும். புறப்படுமுன் விமானி, தாம் இத்தனை மணிக்குள் இறங்கிவிடுவதாக வான்போக்குவரத்துப் பணியகத்தில் ஒரு நேரத்தைப் பதிவு செய்கிறார். இறங்கியதும் அதை நீக்கச் சொல்ல வேண்டும். குறித்த நேரம் கடந்தும் சொல் வரவில்லையென்றால், அவரைத் தேடும் பணி தொடங்கும். 'நாம் சேரவில்லையென்றால் ஒருவர் தேடுவார்' என்ற உறுதியை உண்டாக்குவது இவ்வேற்பாடு. அந்த உறுதிக்கு ஈடாக அது நம்மிடம் கேட்பது ஒன்றே: சேர்ந்ததும் மறவாமல் சொல்ல வேண்டும். வீட்டைவிட்டு வெளியூர் செல்லும் பிள்ளைகள் இம்முறையைப் பெற்றோரிடம் கைக்கொண்டால் எவ்வளவு நலம்!

விரைவுக்கு இட்ட அணை

இத்தனை கணக்குகளும் இயந்திரத்தைப் பற்றியவை. மனிதரைப் பற்றிய கணக்கே கடினமானது. பழுதற்ற விமானத்தையும் வீழ்த்துவது 'எப்படியும் இன்று போய்ச் சேர வேண்டும்' என்ற எண்ணம். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நிகழ்ந்தது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பெறாத இருபது விமானிகளை, மேகத்துள் புகுந்த நிலையைப் போன்ற நிலையில் ஓட்டச் செய்தனர். சராசரியாக 178 வினாடிகளில், அதாவது மூன்று நிமிடத்திற்குள், விமானம் அவர்கள் கட்டுப்பாட்டைவிட்டு நீங்கியது. எங்கள் மூன்று விமானிகளும் கண்பார்வை விமானிகளே. ஆகவே மேகம் அவர்களுக்குச் சுவர்.

அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளும்படி எங்களைத் தள்ளக்கூடியவை எவை என்று பட்டியலிட்டோம். பெரியவரின் பயணச்சீட்டுத் தேதி ஒன்று. முன்பணம் கட்டிய அறைகள் ஒன்று. விமான வாடகை ஒன்று. பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாளொன்றுக்குக் குறைந்த அளவு மணிநேர வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. பிறர் முன் தயங்கி நிற்க நேரும் நாணம் மற்றொன்று. குழுவாகப் பறக்கும்போது அந்நாணம் வலிமை மிக்கது. முன்னே இரண்டு விமானங்கள் எழுந்துவிட்டால், மூன்றாவது விமானி தம் அச்சத்தைச் சொல்லமாட்டார்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அணை இட்டோம். ஏழு நாள் திட்டத்திற்கு ஒன்பது நாள் ஒதுக்கினோம். எஞ்சிய இரண்டும் எந்த ஊரிலும் செலவிடத்தக்க காத்திருப்பு நாட்கள். அவற்றில் ஒன்றேனும் கையில் இல்லாமல் மேலும் தொலைவாகச் செல்வதில்லை என்று உறுதி செய்தோம். அந்த இரண்டு நாளின் வாடகையையும் முன்பே செலவில் சேர்த்துவிட்டோம். காத்திருப்பது பண இழப்பாகத் தோன்றலாகாது. அறைகளைத் தேதி மாற்றிக்கொள்ளும் உடன்பாட்டோடு பதிவு செய்தோம். நெருங்கி அணிவகுத்துப் பறப்பதில்லை என்றும், மெதுவான விமானம் முதலில் எழ, பத்து நிமிட இடைவெளியில் மற்றவை தொடர வேண்டும் என்றும், அனுபவம் மிக்க பொறியாளர் கடைசியில் வர வேண்டும் என்றும் வகுத்தோம். இறுதியாக, 'எண்மரில் எவர் வேண்டாம் என்றாலும் அன்று மூன்று விமானமும் எழா; காரணம் கேட்கக் கூடாது' என்று எழுதினோம். ஓட்டத் தெரியாத எங்களுக்கும் அவ்வுரிமை உண்டு என்று பொறியாளர் வற்புறுத்திச் சொன்னார். தாளின் அடியில் எண்மரும் கையெழுத்திட்டோம்.

ஹாக்கரில் இரண்டு நாள்

முதல் நாள் இனிதே கழிந்தது. விளைநிலங்கள் மெல்ல மெல்ல மங்கிச் செம்மண் ஆயின. முற்பகலில் ஹாக்கர் சேர்ந்தோம்.

இரண்டாம் நாள் காலை மலைத்தொடர் இல்லை. மேகம் அதன் தோள்வரை இறங்கிக் கிடந்தது. தென்பகுதி வானம் தெளிவாகவே இருந்தது. மேற்கே ஒதுங்கிச் சென்றால் வழி கிடைக்கலாம் என்று பொறியாளரும் மருத்துவரும் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். அவர்கள் பேச்சில் பிழையில்லை; விதிக்குட்பட்ட வழிதான். அப்போது அந்த இளம்பெண், "நான் இன்று வரவில்லை, அங்கிள்" என்றார். யாரும் காரணம் கேட்கவில்லை. பொறியாளர் வரைபடத்தை மடித்தார். "சரிம்மா. தேநீர் குடிக்கலாம்" என்றார். அவ்வளவே.

மூன்றாம் நாளும் மேகம் கலையவில்லை. அம்முறை வேண்டாம் என்றவர் பொறியாளர். அன்று மாலை, தங்கியிருந்த இடத்தில் பெரியவர் எங்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி சொன்னார்.

1929இல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கி ஜே.ஆர்.டி. டாட்டா புறப்பட்டார். இங்கிலாந்திலிருந்து இந்தியா நோக்கி, பதினெட்டு வயதும் நிரம்பாத ஆஸ்பி எஞ்சினியர் புறப்பட்டார். இருவர் ஊர்தியும் ஒற்றை எஞ்சின் சிறு விமானமே. எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பி அங்கே எஞ்சினின் ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் தவித்திருந்தார். போட்டியாளரான டாட்டா தம்மிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குக் கிடைத்தது. ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். டாட்டா 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டி, இந்திய வான்போக்குவரத்துக்கு வித்திட்டார். "தோற்றவர் என்று யாரைச் சொல்வீர்கள்?" என்று பெரியவர் வகுப்பறையில் கேட்பது போலவே கேட்டார்.

கேட்டவர் உடனே தம் உள்ளத்தையும் திறந்தார். காத்திருப்பு நாள் இரண்டும் தீர்ந்துவிட்டன. நாங்கள் எழுதிய விதிப்படி, ஒரு நாளையேனும் மீட்காமல் தொலைவு செல்ல முடியாது. ஒன்று, ஏரியை விட வேண்டும். அல்லது, இளையோர் பெரிதும் எதிர்பார்த்திருந்த கூபர் பீடியை விட வேண்டும். "ஏரியை விட்டுவிடுங்கள். நாற்பது வருடம் கரும்பலகையில் பார்த்துவிட்டேன், போதும். பிள்ளைகள் நிலத்தடி வீடுகளைப் பார்க்கட்டும்" என்றார் பெரியவர். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு அந்த இளம்பெண் சொன்னார்: "தாத்தா, எவர் வேண்டாம் என்றாலும் பறக்கமாட்டோம் என்றுதானே கையெழுத்துப் போட்டோம்? ஏரி இல்லாத திட்டத்திற்கு நான் வேண்டாம் என்கிறேன். காரணம் கேட்கக் கூடாது." பேரனும் தலையசைத்தான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

மரீயும் ஒட்டகமும்

நான்காம் நாள் வானம் கழுவியது போலிருந்தது. மலைகள் வட்டமாகச் சூழ்ந்து கிண்ணம் போலக் கிடக்கும் வில்பீனா பவுண்டைக் கடந்து, நண்பகலுக்கு முன் மரீ சேர்ந்தோம்.

மரீ இன்று சிற்றூர். ஒரு காலத்தில் கண்டத்தின் உட்பகுதிக்குச் செல்லும் பொருள்கள் பல ஒட்டகம் மாறும் இடமாக இருந்தது. 1866இல் தாமஸ் எல்டர் நூற்றுக்குமேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை நடத்த முப்பத்தொருவரையும் போர்ட் அகஸ்டாவில் கொண்டுவந்து இறக்கினார். இவ்வாறு வந்தோரை அங்குள்ளோர் 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். உண்மையில் அவர்களுள் பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் பகுதிகளைச் சேர்ந்தோர் பலர். 1872இல் நிறைவேறிய தென்வடல் தந்திக் கம்பித் தடத்திற்கும், மேய்ச்சல் பண்ணைகளுக்கும், சுரங்கங்களுக்கும் பொருள் சுமந்தவை அவர்களின் ஒட்டகங்கள். அவர்கள் பெயராலேயே, மரீ வழியாக 1980 வரை ஓடிய இருப்புப்பாதை வண்டிக்குக் 'கான்' என்று பெயர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவர்கள் மரீயில் ஓர் எளிய பள்ளிவாசல் எழுப்பினர். அதன் நினைவாக ஒரு மாதிரிக் கட்டடம் இன்று அங்கு உள்ளது. அடிலெய்டு நகரில் 1888–89இல் கட்டப்பட்ட பள்ளிவாசலும் அம்மக்களின் முயற்சியால் எழுந்ததே.

அம்மாதிரியின் முன் நின்று பெரியவர் சொன்னது எங்கள் திட்டத்தையே வேறொளியில் காட்டியது. நீர்ச்சுனைக்கும் நீர்ச்சுனைக்கும் உள்ள தொலைவே அவர்களின் ஒரு கட்டம். எங்களுக்குப் பெட்ரோல். சுமையை எடையிட்டு இருபுறமும் சமன் செய்யாமல் ஒட்டகம் எழாது. எங்களுக்கும் அவ்வாறே. வெயில் ஏறுமுன் நடந்து, ஏறியபின் தங்கினர். நாங்களும் அதையே செய்தோம். நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் ஊர்தி மாறியிருக்கிறது. பாலை கேட்கும் பணிவு மாறவில்லை.

ஏரி

ஐந்தாம் நாள் காலை ஏரியின்மேல் சென்றோம். 3,000 அடி உயரம் என்று முன்பே வகுத்திருந்தோம். அவ்வுயரத்தில் எஞ்சின் நின்றாலும் செஸ்னா ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும். ஆகவே கரையை அதற்குமேல் பிரியவில்லை. பிற விமானங்களும் அங்கு உலவுவதால், இருக்குமிடத்தை வானொலியில் அவ்வப்போது அறிவித்துக்கொண்டோம்.

நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலவில்லை. ஓரிடத்தில் உப்பின் வெண்மை, ஓரிடத்தில் இளஞ்சிவப்பு, ஓரிடத்தில் ஆறு வந்து கலக்கும் பழுப்பு. நீர் பரந்து கிடந்தது. அதன்மேல் எங்கள் மூன்று நிழல்கள் பத்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றிருக்கும். வானொலியில் மருத்துவரின் குரல் ஒருமுறை கேட்டது: "ஐயா ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார்."

வில்லியம் கிரீக்கில் இறங்கினோம். ஒரு விடுதி, சில வீடுகள், ஓர் ஓடுபாதை. சுற்றிலும் உலகின் மிகப்பெரிய கால்நடைப் பண்ணையாகிய அன்னா கிரீக். ஆறாம் நாள், அடுத்த இரு நாட்களில் தெற்கே மேகமும் மழையும் வரும் என்று முன்னறிவிப்பு சொன்னது. கூபர் பீடியை விட்டு, போர்ட் அகஸ்டா வழியே ஏழாம் நாள் வீடு சேர்ந்தோம். எட்டாம் நாள் அடிலெய்டில் மழை பெய்தது. பெரியவர் குறித்த தேதியில் ஊர் திரும்பினார். கூபர் பீடி இன்னும் அங்கேயே இருக்கிறது. இளையோருக்குக் காலமும் இருக்கிறது.

நிறைவாக

ஓய்வான பயணம் என்றால் திட்டமில்லாத பயணம் என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் பட்டறிவு அதற்கு மாறானது. எடையையும் எரிபொருளையும் பகலொளியையும் முன்பே அளந்து வைத்திருந்ததால்தான், ஹாக்கரில் இரண்டு நாள் மனம் பதறாமல் தேநீர் அருந்த முடிந்தது. கட்டுப்பாடு எங்கள் கைகளைக் கட்டவில்லை. நெஞ்சின் பதற்றத்தைக் கட்டியது.

குழுவைப் பற்றியும் ஒன்று கற்றோம். ஒரு குழுவின் வலிமை அதன் விரைவான உறுப்பினரால் அளக்கப்படுவதன்று. மிகப் புதியவர் 'என்னால் இயலாது' என்று சொல்லும்போது, மிக அனுபவமுள்ளவர் முகம் சுளிக்காமல் வரைபடத்தை மடிக்கிறாரா என்பதே அளவுகோல். அந்த ஒரு சொல்லுக்கு இடம் இல்லாத குழுவில், அச்சம் மறைந்து போவதில்லை, மறைந்திருந்து ஓட்டுகிறது. விமானத்திற்கு மட்டுமன்று, குடும்பத்திற்கும், வகுப்பறைக்கும், ஊர்ப் பொதுப்பணிக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறோம்.

அன்பு மாணவர்களே! நீங்கள் நாளை பல துறைகளில் குழுக்களை நடத்தப் போகிறீர்கள். திட்டம் தீட்டும்போது, செய்ய வேண்டிய வேலைகளோடு காத்திருக்க வேண்டிய நாட்களையும் எழுதி வையுங்கள். அவற்றுக்குரிய செலவையும் முன்பே ஒதுக்கி வையுங்கள். உங்களுள் இளையவருக்கும் மறுக்கும் உரிமையைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எல்லாரும் சேர்ந்து போய்ச் சேரும் பயணங்கள் சற்றுத் தாமதமாகவே முடியும். அத்தாமதத்திற்கு நீங்கள் ஒருநாளும் வருந்தமாட்டீர்கள்.